கடல் கடந்த கல்வியும் தொழில் வாழ்வும்

யாழ்ப்பாணத்தவர் கல்வியின்பொருட்டுக் கடல் கடத்தற்கு என்றும் அஞ்சியவரல்லர். சென்னைச் சர்வகலாசாலை 1857ஆம் ஆண்டில் தோன்றிய காலை, அதன் முதற் பட்டதாரிகள் என்னும் பெருமையைப் பெற்ற இருவரும் நம் குடாநாட்டவரே. அவருள் ஒருவர் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். பட்டம் பெற்றபின் அரசாங்க உத்தியோகம் பார்த்தும், சட்டம் பயின்றும், புதுக்கோட்டையில் நீதிபதியாய் விளங்கியும் அவர் தமிழகத்திலேயே தம் வாழ்வை அமைத்துக்கொண்டார். எனினும், இன்று அவர் பெயரைச் சொல்லுவோர் அவர் பெற்ற பட்டத்தை முதலிற் சொல்லுவதில்லை. செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்துத் தொல்காப்பிய உரைகளையும், 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையையும் அச்சேற்றிய பணியையே சொல்லுகின்றனர். பட்டம் அவருக்கு வாயிலாயிற்று. அவரை நிலைநிறுத்தியது அவ்வாயிலாற் புகுந்து அவர் செய்த தொழில்.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களது வரலாறும் இத்தகையதே. 1870ஆம் ஆண்டிற் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிறிட்ஜுக்குச் சென்ற அவர், 1875ஆம் ஆண்டில் இலங்கைச் சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை மூலம் தெரிவாகிய முதல் இலங்கையரானார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடாத்தினார். தாம் கடல் கடந்து பெற்ற கல்வியை இந்நாட்டுப் பிள்ளைகள் இந்நாட்டிலேயே பெறுதல் வேண்டும் என்று கருதி, 1906ஆம் ஆண்டில் இலங்கைச் சர்வகலாசாலைச் சங்கத்தை நிறுவி உழைத்தார். 1921இற் சர்வகலாசாலைக் கல்லூரியும், அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் கழிந்தபின் 1942இற் சர்வகலாசாலையும் இந்நாட்டில் எழுந்தன.

இவ்வாறு ஒருவர் இருவராய்ச் சென்ற காலம் போய்விட்டது. இன்று நம் கல்லூரியின் எந்த வகுப்பை எடுத்துக்கொண்டாலும், அதிற் பயின்றோருட் பலர் கடல் கடந்திருத்தலைக் காணலாம். 1971ஆம் ஆண்டில் வந்த தரப்படுத்தலும், 1983ஆம் ஆண்டின் கொடுமைகளும், 2009ஆம் ஆண்டுவரை நீண்ட போரும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியும் அவர்களை அலை அலையாய் அனுப்பின. செல்லுதல் தகுமோ தகாதோ என்னும் பழைய வழக்கை ஈண்டு நாம் மீண்டும் விசாரிக்கப் புகவில்லை. செல்ல விரும்புவோர் செல்வர். மேற்படிப்பின்பொருட்டுச் செல்லும் இளைஞர், சென்றபின் அங்கே ஒரு தொழிலை எவ்வாறு கட்டியெழுப்புவர் என்பதே நாம் ஆராயப் புகுந்த பொருள். இப்பொருளில் நம்மவரிடையே ஆழ வேரூன்றிய தவறான எண்ணம் ஒன்றுண்டு. பட்டம் கிடைத்தால் தொழில் தானே கிடைக்கும் என்பதே அவ்வெண்ணம். அதனால் எத்தனையோ குடும்பங்களின் தோட்டக் காணி கைமாறுகின்றது. எத்தனையோ நல்ல பிள்ளைகளின் இளமை வீணே கழிகின்றது.

எம் துணிபை முதலிலேயே கூறிவிடுகின்றோம். பிற நாட்டில் தொழில் வாழ்வைக் கட்டித் தருவது பட்டத் தாளன்று, அந்நாட்டின் பெயருமன்று, சர்வகலாசாலையின் பெருமையுமன்று. ஓர் ஆசானின் கீழ் நெருங்கியிருந்து செய்து முடித்த வேலையே அதனைக் கட்டித் தருவது. ஆதலின், மேற்படிப்புக்குச் செல்லும் மாணவன் கேட்க வேண்டிய முதல் வினா ‘எந்த நாடு?’ என்பதன்று. ‘யாரிடம் வேலை பழகப் போகின்றேன்? அவ்வேலைக்கு யார் பணம் தருகின்றார்?’ என்பனவே அவன் கேட்க வேண்டிய வினாக்கள்.

இதற்குச் சான்றாக நமக்கு அணித்தாய் வாழ்ந்த மூவரைக் காட்டுவோம். பேராசிரியர் கி. ஜெ. எலியேசர் அவர்கள் கேம்பிறிட்ஜில் போல் டிறாக் என்னும் பேரறிஞரிடம் ஆராய்ச்சி பயின்றார். இலங்கைச் சர்வகலாசாலையிற் கணிதப் பேராசிரியராய் விளங்கிய அவர், பின்னர் மலாயாவிலும், 1968ஆம் ஆண்டு முதல் மெல்பேண் நகரின் லா ட்றோப் சர்வகலாசாலையிலும் பேராசிரியராயினார். மூன்று நாடுகள் ஒருவரைப் பேராசிரியராய் ஏற்றமைக்குக் காரணம் அவர் கையிலிருந்த சான்றிதழ் மாத்திரமன்று. டிறாக் எடுத்த வினாக்களை எலியேசர் மேலும் ஆராய்ந்து கண்ட முடிபுகள் அத்துறையோர் யாவரும் அறிந்தனவாயிருந்தன.

பேராசிரியர் அ. துரைராசா அவர்கள் மண்பொறியியல் கற்கக் கேம்பிறிட்ஜுக்குச் சென்றார். அங்கே றொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்னும் இருவரோடு சேர்ந்து களிமண் பாரத்தின் கீழ் இளகி இடம்பெயரும் முறையை ஆராய்ந்து, மூவரும் 1963ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். கேம்பிறிட்ஜ் ஊடாய் ஓடும் கேம் நதியின் பெயராற் ‘கேம் களி’ என வழங்கும் கொள்கை அவ்வாராய்ச்சிகளினின்று எழுந்தது. மண்பொறியியல் பயிலும் மாணவர் உலகெங்கும் இன்றும் அதனைக் கற்கின்றனர். துரைராசா அவர்களோ நாடு திரும்பிப் பேராதனையிற் பொறியியலாளர் பலரை உருவாக்கினார். பின் 1988ஆம் ஆண்டு முதல் 1994இல் மறையுமட்டும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய், போரின் நடுவே அதனைக் காத்து நின்றார்.

மூன்றாமவர் பேராசிரியர் க. கைலாசபதி அவர்கள். அவர் தமிழிலக்கியத்தை ஆராயச் சென்ற இடம் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம். அவர் நாடிய ஆசானோ கிரேக்க மொழிப் பேராசிரியராகிய ஜோர்ஜ் தொம்சன். தமிழை ஆராயக் கிரேக்கப் பேராசிரியரிடம் போவானேன் என்று வினவினோர் அக்காலத்தில் இருந்திருத்தல் கூடும். கைலாசபதி அவர்கள் தமக்கு வேண்டியது யாது என்று அறிந்திருந்தார். வீரயுகப் பாடல்களை ஒப்பிட்டு நோக்கும் முறையே அவருக்கு வேண்டியிருந்தது. அதனை வல்லவரிடமே கற்றார். தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய அவருடைய ஆய்வு 1968ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டில் நூலாய் வெளிவந்தது. 1974ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற் சர்வகலாசாலை வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராய் அமர்ந்தவரும் அவரே. அவர் பேர்மிங்ஹாமுக்குச் செல்லுமுன் தினகரன் பத்திரிகையின் ஆசிரியராய்ப் பணியாற்றியவர் என்பதையும் மாணவர் மனங்கொள்ள வேண்டும். எழுத்துத் தொழிலிற் கை பழகியபின்னரே அவர் ஆராய்ச்சிக்குச் சென்றார்.

இம்மூவரும் பேரறிவாளர், எல்லோரும் அவர்போலாதல் இயலுமோ என்று சிலர் கேட்பர். இயலாதுதான். ஆயினும், அவர்களிடத்து நாம் காட்ட முயல்வது அறிவின் அளவையன்று. வேலை பழகிய முறையையே காட்டுகின்றோம். ஆசானைத் தெரிந்து சென்றமை, அவரோடிருந்து ஒரு வேலையை முடித்தமை, அவ்வேலையைத் துறையோர் அறியச் செய்தமை ஆகிய இம்மூன்றும் நடுத்தர அறிவுடைய மாணவனுக்கும் கைகூடுவனவே.

இனி இக்காலத்து வழக்கத்தை நோக்குவோம். நகரத்தின் பெருந்தெருவில் ‘வெளிநாட்டுக் கல்வி’ என்னும் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. அப்பலகைகளின் கீழ் அமர்ந்திருக்கும் முகவர்கள் பெற்றோரிடம் இனிக்க இனிக்கப் பேசுவர். மாணவனைச் சேர்ப்பித்தால் சர்வகலாசாலைகள் அவர்களுக்குத் தரகு கொடுக்கின்றன என்பதைப் பெற்றோருட் பலர் அறியார். ஓராண்டில் முதுமாணிப் பட்டம், அதன்பின் வேலை, அதன்பின் வதிவுரிமை என்று மூன்று படிகளை விரல்விட்டு எண்ணிக் காட்டுவர். முதற்படிக்குப் பணம் கொடுத்தால் ஏறலாம் என்பது மெய். இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் பணம் உதவாது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

ஐக்கிய இராச்சியத்தை உதாரணமாய்க் கொள்வோம். படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை தேட இரண்டாண்டு அனுமதி அளிக்கும் விதி 2021ஆம் ஆண்டு யூலையில் வந்தது. 2027ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம் விண்ணப்பிக்கும் முதுமாணிகளுக்கு அவ்விரண்டாண்டு பதினெட்டு மாதமாய்க் குறையும் என 2025இல் அறிவிக்கப்பட்டது. அக்காலத்துக்குள் தொழில் விசாவுக்கு மாறவேண்டின், ஒரு கம்பனி அவனை ஏற்றுக் குறித்த சம்பளம் தருதல் வேண்டும். அச்சம்பளத்தின் பொது எல்லை 2024ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஆண்டுக்கு 26,200 பவுணிலிருந்து 38,700 பவுணாயும், 2025ஆம் ஆண்டு யூலையில் 41,700 பவுணாயும் உயர்த்தப்பட்டது. புதிதாய்த் தொழில் புகுவோர்க்குச் சலுகை உண்டெனினும், எல்லை ஏறிக்கொண்டே போகின்றது என்பது தெளிவு. கனடாவில் மாணவ அனுமதிகளுக்கு 2024ஆம் ஆண்டு சனவரியில் உச்ச வரம்பு விதித்தனர். மாணவன் தன் சீவனத்துக்குக் காட்டவேண்டிய தொகையையும் அதே மாதம் 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராய் உயர்த்தினர். அவுஸ்திரேலியாவிற் படிப்பு முடித்தோர்க்குரிய தற்காலிக விசாவின் வயதெல்லை, ஆராய்ச்சிப் பட்டதாரிகள் முதலிய சிலரை ஒழிய ஏனையோர்க்கு, 2024ஆம் ஆண்டு யூலையில் 50இலிருந்து 35ஆகக் குறைக்கப்பட்டது. இவ்விதிகள் நம்மைக் கேட்டு வருவனவல்ல. புகும்போதிருந்த விதி படித்து முடிக்கும்போதிருக்கும் என்று நம்பி வீட்டுறுதியை ஈடுவைப்பது விவேகமாகாது.

நம் ரூபாவின் நிலையையும் இங்கே எண்ணுதல் வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த மாற்று, மே மாதத்தில் 360 ரூபாவளவிற்கு ஏறிற்று. அங்கே கட்டணம் ஒரு சதமேனும் கூடாதிருக்கவும், இங்கே தகப்பன் கொடுக்கவேண்டிய தொகை இருமடங்கை அண்மியது. இரண்டு பரப்புத் தோட்டக் காணியை விற்றால் முடியும் என்று எண்ணிய காரியத்துக்கு மூன்று பரப்பும் போதாதாயிற்று. எஞ்சியதற்குத் தாயின் தாலிக்கொடியும் அடைவுக்குப் போயிற்று.

கடன்பட்டுச் சென்ற மாணவனுக்கு அங்கே நேர்வது யாது? படிப்புக் காலத்தில் வாரத்துக்கு இருபது மணித்தியாலம் வேலை செய்ய ஐக்கிய இராச்சியத்தில் அனுமதி உண்டு. அவ்விருபது மணித்தியாலத்தையும் அவன் கடைகளிலும் பண்டகசாலைகளிலும் இராக்காலத்திற் கழிக்கின்றான். காலையில் விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசையிற் கண்ணயர்கின்றான். ஏனைய மாணவர் விரிவுரை முடிந்தபின் பேராசிரியரோடு நின்று வினாவுகையில், அவன் பேருந்துக்கு ஓடுகின்றான். ஆய்வுகூடத்தில் ஒரு மாணவ உதவியாளன் வேண்டும் என்று அறிவித்தல் ஒட்டப்பட்டாலும், அதற்குக் கொடுக்க அவனிடம் நேரமில்லை. ஆண்டு முடிகின்றது, பட்டமும் கிடைக்கின்றது. ஆனால், அவனைப் பெயர் சொல்லி அறிந்த ஆசிரியர் ஒருவரேனும் அச்சர்வகலாசாலையில் இல்லை. கடன் அவனை வேலைக்குத் துரத்தியது. வேலை அவனை ஆசானிடமிருந்து பிரித்தது. ஆசானறியாத மாணவனைத் தொழில் தருவோரும் அறியார். இச்சங்கிலியின் முதற் கண்ணி கடனே.

அவனிடத்து ஊக்கமில்லை என்று நாம் குறை கூறல் அடாது. இரவு முழுவதும் நின்று உழைப்பவனிடத்து ஊக்கத்துக்குக் குறைவேது? தொழிலைக் கட்டவேண்டிய நேரத்தைக் கடனை அடைக்க விற்றுவிட்டான் என்பதே அவன் துயர்.

இவ்விடத்தில் நியாயமான ஒரு தடையை எழுப்புவோர் உளர். புலமைப்பரிசில் சிலர்க்கே கிட்டும். ஏனையோர் பணம் கொடுத்தாவது போகாவிடின் அவர்க்கு வழி யாது என்பர். பணம் கொடுத்துச் சென்று நன்னிலை அடைந்தோரும் உளரே என்பர். உளர், அதனை நாம் மறுக்கவில்லை. கணினி, கணக்கியல், பொறியியல் ஆகிய துறைகளில் நம்மவர் பலர் அவ்வழியாற் சென்று இன்று சிறப்புற வாழ்கின்றனர். அவர்களை உற்று நோக்கின், பெரும்பாலோர் இங்கே மூன்று நான்கு ஆண்டு தொழில் பார்த்துக் கை தேர்ந்தபின் சென்றவராயிருப்பர். அவர்க்கு முதுமாணிப் பட்டம் கதவைத் திறக்கும் திறப்பாய் அமைந்தது. கதவின் அப்பால் வேண்டிய கைத்திறன் முன்னரே அவரிடம் இருந்தது. பரீட்சைப் பெறுபேறு வந்த மறுமாதமே விமானம் ஏறுபவனுக்கு அத்திறன் இல்லை. ஆகவே, பணம் கொடுத்தே போகவேண்டியவன் முதலில் இங்கே தொழில் பழகிச் செல்லுக என்பதே எம் விடை. அவ்விடைக்காலத்தில் அவன் ஈட்டும் பணம் கடனைக் குறைக்கும். அவன் ஈட்டும் அனுபவம் அதனினும் பெரிது.

பணம் தந்து கற்பிக்கும் இடங்களும் நம்மவர் எண்ணுமளவிற்கு அரியனவல்ல. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விஞ்ஞானமும் பொறியியலும் பயிலும் கலாநிதிப் பட்ட மாணவரிற் பெரும்பாலோர் கட்டணம் செலுத்துவதில்லை. வகுப்பில் உதவியாசிரியராயோ, ஆய்வுகூடத்தில் உதவியாளராயோ பணிபுரிந்து, அதற்காக மாதந்தோறும் உதவிப்பணம் பெறுகின்றனர். நோர்வே, சுவீடன், டென்மார்க்கு, நெதர்லாந்து ஆகிய நாடுகளிற் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்வோர் பெரும்பாலும் சம்பளம் பெறும் உத்தியோகத்தராகவே கொள்ளப்படுகின்றனர். ஜேர்மனியின் அரசாங்கச் சர்வகலாசாலைகளிற் பெரும்பாலானவை கற்பித்தற் கட்டணம் அறவிடுவதில்லை. சீவனச் செலவு மாத்திரமே மாணவனைச் சாரும். 1959ஆம் ஆண்டிற் பொதுநலவாய நாடுகள் கூடி வகுத்த புலமைப்பரிசில் திட்டமும், 1952ஆம் ஆண்டு முதல் இலங்கையில் நடைபெறும் புல்பிறைட் திட்டமும், யப்பான் அரசாங்கத்தின் புலமைப்பரிசில்களும் ஆண்டுதோறும் விண்ணப்பம் கோருகின்றன. முகவர் நிலையங்கள் இவற்றைப் பற்றிப் பேசுவது அரிது. ஏனெனில், இவற்றில் அவர்களுக்குத் தரகு இல்லை.

இவ்வாறு பணம் தருபவர் தருமத்துக்காகத் தருகின்றாரல்லர். வேலை வேண்டியே தருகின்றார். அதனாலேயே அது மாணவனுக்கு நன்மையாகின்றது. தன் பணத்தைக் கொடுத்து ஒருவனை வைத்திருக்கும் பேராசிரியர் அவனைக் கவனியாது விடார். அவன் வேலை பிழைத்தாற் கண்டிப்பார். தேறினால் மாநாட்டுக்கு அழைத்துச் சென்று தம் நண்பர்களுக்கு அறிமுகம் செய்வார். ஐந்தாண்டு கழிந்தபின் அவன் கையிற் பட்டம் ஒன்றும், அவன் வேலையை நேரிற் கண்ட பத்துப்பேரின் நன்மதிப்பும் இருக்கும்.

பட்டம் பெற்றபின் உள்ள பாதையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். நம் நாட்டில் அதிபர் கொடுக்கும் நற்சான்றுப் பத்திரம் ‘இவர் ஒழுக்கமும் பணிவும் உடையவர்’ என்று முடியும். அந்நாடுகளில் ஆசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதம் அவ்வகையினதன்று. மாணவன் எந்த வேலையைச் செய்தான், எங்கே இடர்ப்பட்டான், அதனை எவ்வாறு தீர்த்தான், தாம் கண்ட மாணவருள் அவன் எவ்விடத்தான் என்றெல்லாம் அதில் எழுதுவர். ஒழுக்கத்தை மட்டும் புகழும் கடிதம், வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பதைக் காட்டுவதாகவே அங்கே கொள்ளப்படும்.

நம் பிள்ளைகளின் மௌனமும் அங்கே அவர்களுக்குத் தடையாகின்றது. ஆசிரியர் பேசும்போது வாய்மூடியிருத்தல் மரியாதை என்று நாம் பழக்கினோம். அப்பழக்கத்தை இகழ்வது எம் நோக்கமன்று. அதற்குரிய இடங்கள் உண்டு. ஆயின், கருத்தரங்கில் வினாவாதிருப்பவனைப் பணிவுடையவன் என்று அந்நாட்டார் கருதுவதில்லை. கருத்தில்லாதவன் என்றே கருதுவர். ஆங்கிலத்தைப் பரீட்சைக்கு எழுதப் பழகிய நம் மாணவர், அதில் எதிர்வாதம் செய்யப் பழகவில்லை. நம் கல்லூரியின் விவாத மேடையிலும் விஞ்ஞான மன்றத்திலும் இப்பழக்கத்தை உயர்தர வகுப்பிலேயே ஊட்டலாம். அதற்குச் செலவு எதுவுமில்லை.

முதல் வேலையைப் பற்றி நம்மவர்க்குப் பெருங்கூச்சம் உண்டு. இங்கே பொறியியலாளராயிருந்தவர் அங்கே வரைவாளராய்த் தொடங்க நேரிடின், அதனை ஊருக்கு எழுத நாணுகின்றார். தொழில் உரிமம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுவது என்பதை அறிந்தால் இந்நாணம் நீங்கும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014ஆம் ஆண்டில் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பாயிற்று. அந்நிறுவகம் அங்கீகரித்த பட்டங்களை ஏனைய உறுப்பு நாடுகள் தம் பட்டங்களுக்கு நிகராய் மதிக்க அது வழிசெய்தது. எனினும், பட்டம் நிகரென்பதால் உரிமம் கைவந்துவிடாது. அவ்வந்நாட்டுச் சபையிற் பதிவு பெறுதல் வேண்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அவ்வாறு பதிவு பெறக் கனடாவிலேயே ஓராண்டு அனுபவம் வேண்டும் என்றிருந்த விதி 2023ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. பல்லாண்டாய் நம்மவரை வாடகைக் காரின் சுக்கானில் இருத்திய விதிகளுள் அதுவும் ஒன்று. வைத்தியர் இங்கிலாந்திற் பதிவு பெற இரு பகுதிகளையுடைய தகுதிப் பரீட்சையிற் சித்தியடைவது பொதுவழி. இவற்றையெல்லாம் விமானம் ஏறுமுன் அறிந்து, காலமும் பணமும் ஒதுக்கிச் செல்லுதல் வேண்டும். அறிந்து சென்றவனுக்குக் கீழ்ப்படியிலிருந்து தொடங்குதல் திட்டத்தின் ஒரு பகுதி. அறியாது சென்றவனுக்கோ அது மானபங்கம்.

வைத்தியத் துறையில் நம் நாடே நல்லதொரு முறையை அமைத்திருக்கின்றது. 1980ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பட்டப்பின் மருத்துவ நிறுவகம், விசேட வைத்தியராக விரும்புவோரை இங்கே பயிற்றிப் பரீட்சித்தபின், ஒரு காலம் பிறநாட்டு வைத்தியசாலையிற் பயிற்சி பெற அனுப்புகின்றது. செல்பவர் முன்னரே வைத்தியத்திற் கைதேர்ந்தவர். யாரிடம் எதனைக் கற்கப் போகின்றார் என்பதும் அவருக்குத் தெரியும். ஏனைய துறைகளும் இதனைப் பின்பற்றுமாயின் நன்றாம். அவ்வாறு சென்றோருள் 2022ஆம் ஆண்டின் பின் திரும்பாதோர் உளர் என்பதும் உண்மையே. அது முறையின் குறையன்று. திரும்பி வந்து வாழத்தக்க நிலையை நாடு அளிக்காமையின் குறை.

திரும்புவதா, தங்குவதா என்னும் வினாவுக்கு நாம் எல்லோர்க்கும் ஒரே விடை கூறமாட்டோம். துரைராசா அவர்கள் திரும்பினார். எலியேசர் அவர்கள் பிற நாட்டில் தம் பணியைத் தொடர்ந்தார். இருவரும் நம் மதிப்புக்குரியவரே. பொதுப்பணத்தில் விடுமுறையும் சம்பளமும் பெற்று, திரும்பிப் பணிபுரிவதாக ஒப்பந்தம் எழுதிச் சென்ற விரிவுரையாளர் மாத்திரம் அவ்வொப்பந்தத்தை நிறைவேற்றுதல் அல்லது உரிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் கடன். ஏனையோரிடத்து நாம் வேண்டுவது, தம் தொழிலின் கதவைத் தம் பின்னால் மூடிவிடாதிருத்தலையே. ஆய்வுகூடத்தையோ, வைத்தியசாலையையோ, கம்பனியையோ சார்ந்த ஒரு பழைய மாணவர் ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தைப் படித்துத் திருத்தி, ஒரு பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுவாராயின், அது மண்டபத்துக்கு ஆயிரம் டொலர் கொடுப்பதிலும் பெரிதாகும்.

விழாக் கொண்டாடும் இவ்வேளையில் நம் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்களைச் சமர்ப்பிக்கின்றோம். முதலாவது, கடல் கடந்த கிளைச் சங்கங்களின் துணையோடு ஓர் இடாப்பு ஆக்குக. எத்துறையில், எந்நாட்டில், எப்பழைய மாணவர் இளையோரின் வினாக்களுக்கு விடை எழுத ஒருப்படுகின்றார் என்பது அதிற் பதியப்படுதல் வேண்டும். இரண்டாவது, பணம் தந்து கற்பிக்கும் இடங்களுக்கு விண்ணப்பிக்கும் வறிய மாணவர்க்குப் பரீட்சைக் கட்டணம் கொடுத்துதவுக. அமெரிக்கச் சர்வகலாசாலைகளுட் பல கேட்கும் ஜி.ஆர்.ஈ. பரீட்சைக்கு அண்மைய ஆண்டுகளிற் கட்டணம் 220 டொலர். ஆங்கிலப் பரீட்சைக்கும் விண்ணப்பங்களுக்கும் வேறு கட்டணங்கள் உண்டு. இலட்சம் இரண்டு இலட்சம் ரூபா இல்லாமையால், ஐந்தாண்டு சம்பளத்தோடு கற்கக்கூடிய பிள்ளை விண்ணப்பியாதே நின்றுவிடுகின்றான். ஒரு கோபுரவாயிலுக்குச் செலவாகும் பணம் இத்தகைய பிள்ளைகள் பலரை அனுப்பும்.

மூன்றாவது விண்ணப்பம் சிலர்க்குக் கசக்கலாம். பரிசளிப்பு விழாவுக்கும் நிறுவுநர் தினத்துக்கும் நாம் அழைக்கும் விருந்தினர் அனைவரும் வென்றவரே. தம் பெயருக்கு முன்னே ‘கலாநிதி’ என்னும் அடையுடையோரையே மேடையில் இருத்துகின்றோம். முதுமாணிப் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பண்டகசாலையிற் பணிபுரியும் நம் சோதரர் ஒருவரும் அம்மேடையில் ஏறியதில்லை. அவர் ஊருக்கு வரும்போதும் தம் நிலையை மறைத்தே பேசுகின்றார்; நாமும் வினவுவதில்லை. அம்மௌனத்தாற் கேடுறுவோர் அவரைப் பின்பற்றி அதே வழியிற் செல்லும் இளையோர். அவர் பேச வருவாராயின், அவரையும் மாணவர் முன் அமர்த்தி, நடந்தவற்றை நடந்தபடி சொல்லச் செய்தல் வேண்டும். ஒரு தலைமுறை பட்ட அனுபவத்தை அடுத்த தலைமுறைக்கு அளிக்காத கல்லூரி, கற்பித்தற் கடமையிற் பாதியை விட்டதாகும்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. மகன் வெளிநாட்டிற் படிக்கின்றான் என்பதால் வீட்டின் மதிப்பும், மணப்பேச்சிற் சீதனத்தின் அளவும் உயர்கின்றன. இவ்வாசை காரணமாக எத்தனை பிள்ளைகள் ஆயத்தமின்றி அனுப்பப்படுகின்றனர் என்பதை அவரவர் நெஞ்சே அறியும். காணியை விற்குமுன் மகனிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். உனக்குக் கற்பிக்கப் போகின்றவர் யார்? அவரிடம் படித்தோர் இப்பொழுது எங்கே, என்ன வேலை செய்கின்றனர்? அனுமதிக்காலத்துக்குள் வேலை கிடையாவிடின் நீ என் செய்வாய்? இவற்றுக்கு அவன் தெளிவான விடை கூறின், விற்றாவது அனுப்புங்கள். கூறாவிடின், காணி இன்னும் ஓராண்டு கிடக்கட்டும், அது ஓடிவிடாது.

மாணவச் செல்வங்காள், போகவேண்டா என்று உங்களைத் தடுப்பதற்கு நாம் இதனை எழுதவில்லை. உலகம் பரந்தது, உங்கள் அறிவுக்கு இந்நாட்டில் இடம் போதாதாயின் அவ்விடத்தைத் தேடிச் செல்லுதல் உங்கள் உரிமை. ஆனால், வாங்குபவராய்ச் செல்லாதீர்கள். வேலை செய்பவராய்ச் செல்லுங்கள். பட்டத்தை விலைக்கு விற்பவர்க்கு நீங்கள் போனபின் உங்கள் பெயர் நினைவிராது. உங்கள் வேலையை வேண்டி உங்களை ஏற்றவரோ, விதிகள் மாறினும், நாணயம் வீழினும், உங்களுக்காக ஒரு கடிதம் எழுத முன்வருவார். அத்தகைய ஒருவரைத் தேடிக் கண்டபின் பயணச்சீட்டை வாங்குங்கள்.